கழுத்தில் ஒட்டிக்கொண்டவன்

குடலில் கத்தி வைத்துத் தைத்து, எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்த பிறகுதான் எனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சலா? துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், என் நெற்றிச் சூட்டில் அனல்மின் நிலையம் இன்னொரு யூனிட் ஓட்டியிருக்கலாம். நான் நடுங்கிய நடுக்கத்தில் பக்கத்துக் கட்டில்காரர் கப்பலில் இருப்பதாக நினைத்து வாந்தி எடுத்தார்.

எல்லாம் சொந்தக்காரர்கள் வந்துபோன பிறகு. எங்கள் பக்கம் நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் திரும்பினால் அது பகை. அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது. ஆகவே எங்கள் ஊர் ஏரலே திரண்டு வந்து என் கழுத்தில் கை வைத்தது. மருந்து போகும் குழாயும் அங்கேதான் இருந்தது. என் மனைவியின் தம்பி, பாத்திரக்கடை செந்தில்வேல், பஸ் கம்பியைப் பிடித்த கையோடு குழாயின் மேலிருந்த பிளாஸ்திரியைத் தூக்கி, திருச்செந்தூர் விபூதியை அரைமூட்டை திணித்தான்.

கிருமி ஆய்வகத்து டாக்டர் ஜெஸ்மி வந்தார்.

"ரத்தத்துல கிருமி வளந்திருக்கு. தோல்ல சும்மா கிடக்கிறதுதான், பெரிய வீரன்லாம் இல்ல. ஆனா பிளாஸ்டிக்கைக் கண்டா ஒட்டிக்கிடும். வழுவழுன்னு கூடு கட்டி உள்ள படுத்துக்கிடும். மருந்து அங்கன போய்ச் சேராது. குழாய எடுக்கலன்னா உயிருக்கே ஆபத்து."

செந்தில்வேல் குறுக்கே பாய்ந்தான். "எடுக்கவே கூடாது டாக்டர்! குழாயப் புடுங்கினா, டாக்டர் கைவிரிச்சு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாவன்னுல்லா ஊர்ல பேசுவாவ?"

அவ்வளவுதான், என் மனைவி முத்துச்செல்வி ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள்.

நான் செந்தில்வேலைப் பார்த்தேன். என் கட்டிலில் உட்கார்ந்து, எனக்கு வந்த ஆப்பிளைத் தின்றுகொண்டிருந்தான். வீரம் கிடையாது, ஆனால் இடம் கிடைத்தால் ஒட்டிக்கொள்வான், சுற்றிக் கூடு கட்டுவான், என்ன கொடுத்தாலும் அசையமாட்டான். இந்த ஜாதிக் கிருமியை என் கல்யாண நாளிலிருந்தே எனக்குத் தெரியும்.

"டாக்டர், கழுத்துல ஒட்டினத எடுங்க. கட்டில்ல ஒட்டினதையும் சேத்து எடுங்க. ஏளா, அழாத. சாவப் போறவன் இப்படியா பேசுவான்?"

இரண்டையும் அப்புறப்படுத்தினார்கள். புதிய மருந்து கை ஊசி வழியே ஏறியது. காய்ச்சல் இறங்கியது. விபூதிதான் காப்பாற்றியது என்று ஏரல் முழுக்க முழங்கிய செந்தில்வேல், நான் வீடு திரும்பியதும் வாசலிலேயே என் கழுத்தை நோக்கிக் கையை நீட்டினான்.

"மொதல்ல கையக் கழுவிட்டு வாலே!"

"என்னையவா அத்தான் சொல்லுதிய?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவன், தன் மகள் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வைக்கவில்லை.

அடடா, என்ன ஆரோக்கியம்!