நான்காவது பத்திரம்

உயிரோடு இருக்கிறவன்மேல் பொறாமைப்பட்டால் சண்டையாவது போடலாம். பதிவு அலுவலகக் குமாஸ்தாவுக்கு வாய்த்த எதிரி செத்து அறுபது வருஷம் ஆகிறது.

எல்லாம் மனைவி ஆரம்பித்த வேலை. தெருவிலுள்ள பழைய வீடுகளில் முன்பு யார் யார் இருந்தார்கள் என்று விசாரித்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். சொந்த வீட்டுக்கு வந்தபோதுதான் வினை பிடித்தது. வீட்டோடு வந்த பழைய காகிதக் கட்டுக்குள் மூன்று பத்திரங்கள் இருந்தன. வீட்டைக் கட்டியவர் ஒரு மர வியாபாரி. மனையை மூன்று தடவையாக வாங்கி, மூன்றையும் தன் மனைவி பேரிலேயே எழுதியிருந்தார்.

"அந்தக் காலத்துலயே என்ன மனசு பாருங்க" என்றாள்.

இப்போது வீடு குமாஸ்தாவின் பேரில் மட்டும் இருக்கிறது. அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அப்புறம் எதைத் தொட்டாலும் வியாபாரி புராணம். ஜன்னலில் காற்று வந்தால் அவர் புத்தி, அலமாரி ஆழமாக இருந்தால் அவர் கைராசி.

மறுநாள் அலுவலகத்தில், வியாபாரியிடம் ஏதாவது குறை அகப்படுமா என்று, சாப்பாட்டை மறந்து பழைய பத்திரங்களின் அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டினார். சாயங்காலம் அகப்பட்டது. அதே வியாபாரி, அடுத்த தெருவில் ஒரு வீட்டை வேறொரு பெண் பேரில் எழுதியிருந்தார். அட்டவணையில் பேர்தான் இருக்கும், உறவு பத்திரத்துக்குள் இருக்கும், பிரித்துப் படியுங்கள் என்று முப்பது வருஷமாக வருகிறவர்களுக்கெல்லாம் ஓதிய மனிதர், அன்று படிக்கவில்லை. நகலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

"உன் உத்தமருக்குச் சின்ன வீடு இருந்திருக்கு, பாரு."

அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு நான்கு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள்.

"மருமக பேருங்க இது. மகன் செத்த மறு வருஷம் எழுதியிருக்கார். அவ மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டாலும் வீடு அவளுக்கேன்னு போட்டிருக்கு."

செத்துப்போன எதிரி இன்னும் ஒரு முழம் வளர்ந்துவிட்டான். குமாஸ்தா சட்டையைக் கழற்றி மாட்டுவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

அவள் கத்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் பத்திரத்தை மடித்துவைத்து, சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள்:

"ஏங்க, இன்னும் அம்பது வருஷம் கழிச்சு யாராவது இந்த வீட்டுல யார் இருந்தாங்கன்னு தேடினா, நான் இருந்ததே தெரியாது, இல்ல?"

தெரியாதுதான். அட்டவணையைப் பற்றி அவருக்குத் தெரியாததா.