பேட்டரி ஆலை மனையில் ஒருவர்

மூடிக் கிடந்த பேட்டரி ஆலைக்குள் மண் எடுக்கப் போன பரிசோதகர், பதினெட்டாவது குழியை மூடிவிட்டு மாலை ஐந்தரைக்கு வாசலைத் தாண்டினார். தாண்டிய கால் மறுபடியும் ஆலைக்குள்ளேயே பட்டது. இன்னும் நான்கு முறை தாண்டிப் பார்த்தார். அவரோடு வந்த ஓட்டுநர் தாராளமாக வெளியே போனார், ஒரு நாய் போனது, பதினெட்டு மண் பாட்டில்களும் பெட்டியோடு போயின. மதிலேறிக் குதித்தும் பார்த்தார். முழங்கால் சிராய்த்ததுதான் மிச்சம்.

அலுவலகம் இதற்கெல்லாம் திகைக்கவில்லை. கெட்டுப்போன ஆலை மனைகளைச் சோதித்துப் புழக்கத்துக்குக் கொண்டுவர அரசு ஒரு நிதி வைத்திருந்தது. முதல் கட்டத்தில் மேல்மண், இரண்டாம் கட்டத்தில் ஆழத்து மண்ணும் நிலத்தடி நீரும். வந்திருந்தது முதல் கட்டப் பணம் மட்டும். பாதி மட்டும் சோதித்த ஆளை மண் விடாது, முழுதாகச் சோதித்தால் விட்டுவிடும் என்று மேலதிகாரி ஏதோ விடுப்பு விதியை விளக்குவதுபோலத் தொலைபேசியில் சொன்னார். "கொஞ்சம் பொறுத்துக்கோங்க சார். ரெண்டாம் கட்டத்துக்கு விண்ணப்பம் போட்டுடலாம். நீங்கதான் அங்கயே இருக்கீங்களே, நீங்களே நிரப்பிக் குடுத்துடுங்க."

மனையில் யாராவது வசிக்கிறார்களா என்பது ஏழாவது கேள்வி. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு அளவைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாத அந்த மனிதர், காவலாளி அறைக் கட்டிலில் உட்கார்ந்து, உள்ளதை உள்ளபடி, 'ஆம், ஒருவர்' என்று எழுதினார். ஆளில்லாத மனைக்குத்தான் நிதி. விண்ணப்பம் போன வேகத்தில் திரும்பியது. அடுத்த ஆண்டும் அதையே எழுதினார், அதுவும் திரும்பியது. பிழைக்கத் தெரியாதவர் என்றார்கள் தெரிந்தவர்கள், சொன்னதில் தப்பில்லை.

பள்ளிச் சீருடை தைக்கும் அவர் மனைவி தினமும் மாலை தேநீரோடு வந்து வாசலுக்கு வெளியே நிற்பாள். உள்ளே ஈயத் தூசி என்று அவளை ஓரடிகூட அவர் வரவிட்டதில்லை. மூன்றாம் ஆண்டு அவர் கை நடுங்கத் தொடங்கியது, தேநீர் சட்டையில் சிந்தியது. இன்னொரு ஆண்டு அங்கே இருந்தால் பிழைக்கமாட்டார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஏங்க, இல்லைன்னு ஒரு வார்த்தை எழுதினா என்ன குடி முழுகிடும்?"

"இருக்கேனே. இருக்கிறவனை எப்படி இல்லைன்னு எழுதுறது?"

"இதெல்லாம் ஒரு இருப்பா? குடுங்க இப்படி."

அந்த ஆண்டு விண்ணப்பத்தை வாங்கி, ஏழாவது கேள்விக்கு 'இல்லை' என்று அவளே எழுதினாள். அவர் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டார்.

இருபதே நாளில் நிதி வந்தது, துளையிடும் இயந்திரமும் வந்தது. வந்தவர்கள் காவலாளி அறைக் கட்டிலை ஓரமாகத் தூக்கிப் போட்டார்கள், அதில் அவர் படுத்திருந்தார். அவர் கத்தினார், அவர்கள் மதியம் என்ன சாப்பிடலாம் என்று பேசிக்கொண்டே போனார்கள். அன்று மாலை மனைவியும் வாசலில் ஒருவரையும் காணவில்லை. பழக்கத்தில் டம்ளரை நீட்டினாள். தேநீர் மெல்ல மெல்ல இறங்கித் தீர்ந்தது. "என் கையாலயே எழுதிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சோதனை முழுதாக முடிந்தும் மண் அவரை விடவில்லை. மேலதிகாரியிடம் போய் முறையிட்டாள். அவர் கோப்பைப் புரட்டிப் பார்த்து, விடவேண்டியவர் என்று அதில் யாருமே இல்லையேம்மா என்று வருத்தத்தோடுதான் சொன்னார்.

ஆறடி மண்ணை வாரிக்கொண்டு போனார்கள், புது மண் நிரப்பினார்கள், தகுதிச் சான்று வாங்கி இரண்டு ஆண்டில் பேருந்து நிலையம் கட்டினார்கள். திறந்த அன்று அவள் முதல்முறையாக உள்ளே கால் வைத்தாள். டம்ளரை ஏந்தியபடி ஒவ்வொரு பெஞ்சாக நின்று நின்று போனாள். கால அட்டவணைக்குக் கீழே இருந்த பெஞ்சில் தேநீர் இறங்கியது. ஐந்து ஆண்டுக்குப் பிறகு அன்றுதான் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இப்போதெல்லாம் ஐந்து மணிக்குத் தையல் கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுகிறாள், காஜா எடுக்கும் வேலையைக் கூடவே கொண்டுவருகிறாள். மாலையில் அங்கே நெரிசல் தாங்காது. மழை பெய்தால் மூட்டை முடிச்சுகளோடு நூறு பேர் கூரைக்கடியில் நெருக்கியடித்து நிற்பார்கள், அந்த ஓரிடம் மட்டும் காலியாகவே இருக்கும். விவரம் தெரியாத வெளியூர்க்காரர் யாராவது உட்காரக் குனிந்தால், அவள் ஊசியிலிருந்து நிமிர வேண்டியதுகூட இல்லை. பக்கத்தில் நிற்கிற யாராவது, நடத்துனரோ பழம் விற்கிறவரோ, சொல்லிவிடுகிறார்கள்:

"அங்க உட்காராதீங்க, ஆள் இருக்கு."