மோட்டார் எழுதிய லிஃப்ட் ஆட்டம்

இருபத்தேழு வருடம் கழித்துக் கூடிய கால்குலேட்டர் கிளப்பில் கிழவர்கள் எட்டுப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகச் சளசளத்துக்கொண்டிருந்தார்கள். புரோகிராம் ஏற்றக்கூடிய கால்குலேட்டர் புதிதாக வந்த காலத்தில், அதை வாங்கிப் பைத்தியமானவர்கள் சேர்ந்து ஆரம்பித்த கிளப். உறுப்பினர்கள் எழுதும் புரோகிராம்களை மாத இதழாக அச்சடித்து அனுப்பியவர் செயலாளர். இன்று அவர் மட்டும் எப்போது கிளம்பலாம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம், எதிரே உட்கார்ந்திருந்த அம்மா. போன வருடம் இறந்துபோன லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி. கிளப்பில் மெக்கானிக்குக்கு 'மோட்டார்' என்று பெயர். கணவருடைய கால்குலேட்டரைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருந்தார் அம்மா.

"இதுல அவரே எழுதினது ஒண்ணு இருக்காம் தம்பி. எனக்கு எதை அழுத்தணும்னு தெரியல. நீங்கதான் எல்லாருக்கும் ஓட்டிக் காட்டணும்."

என்ன இருக்கும் என்று செயலாளருக்குத் தெரியும். ஓடுகிற லிஃப்டைக் குலுங்காமல் சரியான மாடியில் நிறுத்தும் விளையாட்டு. நாற்பத்தொன்பதே வரிகள். மோட்டார் தபாலில் அனுப்பியதைத் தன் பெயரில் போட்டு, அந்த வருடப் பரிசையும் வாங்கிக்கொண்டார் செயலாளர். அடுத்த இதழில் திருத்தம் போட்டுவிடலாம் என்று மாதாமாதம் தள்ளினார். மோட்டார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

ஆட்டம் முடிந்ததும் எழுதியவரின் உறுப்பினர் எண் திரையில் வர வேண்டும் என்பது கிளப் வழக்கம். ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கால்குலேட்டரை ஆன் செய்ததும் திரையின் மூலையில் ஒரு புள்ளி விட்டுவிட்டு மின்னியது. பேட்டரி சாகப்போகிறது. ஒரு நிமிடத்துக்குள் புதிய பேட்டரியைப் போட்டால் புரோகிராம் பிழைக்கும். தாண்டினால் எல்லாம் அழிந்துவிடும். கொஞ்சம் கை தடுமாறினால் போதும், வயதானவர் என்று விட்டுவிடுவார்கள். அந்த நினைப்பே அவருக்குக் கூசியது. வருவது வரட்டும் என்று மூடியைத் திறந்து, தன் பையிலிருந்த புதிய பேட்டரிகள் மூன்றையும் மளமளவென்று மாற்றிப் போட்டார். நாற்பது விநாடிகூட ஆகவில்லை.

திரையில் வெறும் பூஜ்யம்.

கால்குலேட்டரை அணைக்காமலே மூடியைத் திறந்திருக்கிறார். அணைத்துவிட்டுத் திறக்கவும், இல்லாவிட்டால் அந்த நொடியே எல்லாம் அழிந்துவிடும் என்று இதழ்தோறும் கட்டம் கட்டிப் போட்டவரே அவர்தான்.

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நீங்களே கோட்டை விட்டுட்டீங்களே" என்றார் உறுப்பினர்களில் ஒருவரான மருந்துக்கடைக்காரர். மற்றவர்கள் அம்மாவைத் தேற்றினார்கள். செயலாளருக்குப் போன உயிர் திரும்பியது. இனி யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

"அப்போ அவர் எழுதினது இனிமே எங்கயுமே இல்லையா தம்பி?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இருக்கு அண்ணி" என்றார். "பரிசு வாங்கின லிஃப்ட் ஆட்டம் அவரோடது. நான்தான் என் பேரைப் போட்டு அச்சடிச்சேன்."

மருந்துக்கடைக்காரரின் கையில் டீ கப் அந்தரத்தில் நின்றது. அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது செயலாளருக்கு. அம்மா கால்குலேட்டரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"திரும்ப இதுல ஏத்திக் குடுங்க."

பழைய இதழைத் தேட வேண்டியிருக்கவில்லை. நாற்பத்தொன்பது வரிகளும் இத்தனை வருடமாக அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. முதல் பொத்தானை அழுத்தினார். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் விரலையே பார்த்தபடி உட்கார்ந்தார்.