ஆள் இருக்கும் வீடு

எங்கள் தெருவில் வீடு முதலில் எரியும். பிறகுதான் திருட்டுப் போகும்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வடக்குப் பக்கம் முழுவதும் செங்கல். காலடியில் இருந்த களிமண்ணைத் தோண்டி, இங்கேயே சுட்டு, இங்கேயே அடுக்கினார்கள். கட்டியவர்கள் ஜெர்மானியர்கள். அவர்கள் மேற்கே நகர்ந்தபோது, மிசிசிப்பி மாநிலத்திலிருந்து ரயிலில் வந்த எங்கள் கறுப்பின ஆட்கள் குடியேறினார்கள். காலணித் தொழிற்சாலை ஓடியவரை எங்கள் கார்லின் தெருவில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. அது மூடியது. பிறகு வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே புல் முளைத்தது. இப்போது தெரு பல் போன வாய்.

பழைய செங்கலுக்குத் தெற்கே கிராக்கி. எங்கள் தெருவில் பாதி இன்று ஹூஸ்டனில் யாருடைய தோட்டச் சுவராகவோ நிற்கிறது. உளி வைத்துப் பிரித்தால் நாளாகும். தீ வைத்தால் வேலை சுலபம். கூரை விழும். தீயணைப்புக்காரர்கள் பீய்ச்சும் தண்ணீர் சாந்தைக் கரைத்துவிடும். சூடு ஆறியதும் பின்சுவரில் கம்பிவடம் கட்டி லாரியால் இழுப்பார்கள். செங்கல் சுத்தமாக உதிரும்.

ஆள் இருக்கும் வீட்டை அவர்கள் தொடமாட்டார்கள். கொலைக் கேசில் மாட்டிக்கொள்ள யாரும் செங்கல் திருட வருவதில்லை. அதனால் காலி வீடுகளுக்கு நாங்கள் ஆள் காட்டினோம். திரைச்சீலை மாட்டினோம். புல் வெட்டினோம். பனி விழுந்தால் வாசல் வரை வழி ஒதுக்கி, போகவும் வரவும் காலடித் தடம் பதித்தோம். அக்டோபரில் ஹாலோவீன் பண்டிகைக்குப் படியில் ஒரு பூசணிக்காய். தாழ்வார நாற்காலியை அவ்வப்போது திருப்பிப் போடுவோம். மிச்சமிருந்தவர்கள் கொஞ்சம் பேர். யார் எதைச் செய்தது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதில்லை. கண்ணில் பட்டதைச் செய்தோம்.

வெர்னெட்டா ஹாப்ஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். பிறந்த வீட்டிலேயே இருந்தாள். கணவனைப் புதைத்த பிறகும் அங்கேதான். பக்கத்து வீடு கேடிஸ் குடும்பத்துடையது. அவர்கள் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு அட்லாண்டாவுக்குப் போய்விட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து. கைகளை விரித்தால் இரண்டு சுவரும் தொடும். கேடிஸ் வீடு எரிந்தால் அவள் வீடும் எரியும். காப்பீட்டுக்காரர்கள் கார்லின் தெரு என்றதும் போனை வைத்துவிடுவார்கள். அவளுக்கு இருந்தது அந்த ஒரு வீடு.

கேடிஸ் வீட்டுக்கு அவள் பச்சைத் திரைச்சீலை தைத்து மாட்டினாள்.

"எங்க வீட்ல கிழிஞ்ச போர்வை தொங்குது. காலி வீட்டுக்குப் பட்டுத் திரையா?" என்றான் க்ளியோஃபஸ் பாட்ஸ். எதிர் வீடு. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். "பேசாம நான் அங்கயே குடி போயிடறேன் மேயரம்மா."

"உன்னை அங்க விடறதுக்குச் செங்கல் திருடனே தேவலை."

செப்டம்பர் கடைசியில் கேடிஸ் வீட்டு மாடிப் பின்னறையில் ஒரு விளக்கு எரிந்தது. சின்ன விளக்கு, மஞ்சள் வெளிச்சம், பேட்டரியாக இருக்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் எரியும். க்ளியோ வைத்தது என்று வெர்னெட்டா நினைத்தாள். நல்ல யோசனை என்றும் நினைத்தாள். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு வாரம் பீற்றிக்கொள்வான்.

அக்டோபரில் ஒரு சாயங்காலம் அவள் குப்பை போடப் பின்சந்துக்குப் போனாள். ஒரு வெள்ளைப் பிக்கப் வண்டி நின்றது. ஒருவன் கேடிஸ் வீட்டுப் பின்சுவரில் ஒரு செங்கலைச் சுத்தியல் காம்பால் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். தர்பூசணி வாங்க வந்தவன் மாதிரி.

"என்ன வேணும்?" என்றாள்.

அவன் தொப்பியைத் தொட்டான். "ஒண்ணுமில்ல மேடம். நல்ல கட்டடம். இப்ப இந்த மாதிரி யாரு கட்டறா?"

"கட்டினவன் செத்து நூறு வருஷமாச்சு. வேற எதாவது கேக்கணுமா?"

"மேல விளக்கு எரியுதே. யாராவது இருக்காங்களா?"

"என் தம்பி."

"அப்படியா. நான் அஞ்சாறு தடவை இந்தப் பக்கம் வந்தேன். அவரைப் பாக்கவே முடியலயே."

"எப்படிப் பாப்ப? அவனுக்கு ராத்திரி வேலை. பகல் பூரா தூங்குவான். சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பினா விடிஞ்சுதான் வருவான்."

"இப்ப விளக்கு எரியுது."

"கிளம்பறப்ப போட்டுட்டுப் போவான். இருட்டு வீட்டுக்குத் திரும்பி வர அவனுக்குப் பிடிக்காது."

அவன் கொஞ்ச நேரம் அந்த ஜன்னலைப் பார்த்தான். "எனக்கும் பிடிக்காது மேடம்," என்றான். "தம்பியைக் கேட்டதா சொல்லுங்க."

வண்டி போனது. வெர்னெட்டா குப்பையைப் போடாமலே தெருவைக் கடந்து க்ளியோ வீட்டுப் படியேறினாள். அவன் தாழ்வாரத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

"பெருமை அடிச்சுக்காதே. நீ வச்ச விளக்கு இன்னிக்கு என் வீட்டைக் காப்பாத்துச்சு."

"எந்த விளக்கு?"

"கேடிஸ் வீட்டு மாடில."

க்ளியோ கடலையைக் கீழே வைத்தான். "அது நீ வச்சதுன்னுல்ல நினைச்சேன்."

"விளையாடாதே க்ளியோ."

"சத்தியமா. என் முட்டி இருக்கிற இருப்புல அந்தப் படி நான் ஏறுவேனா?"

இருவரும் சந்து வழியாகப் பின்பக்கம் போனார்கள். விளக்கு எரிந்தது. அவர்கள் நிமிர்ந்து பார்த்தபோது அணைந்தது.

மறுநாள் காலை சாவி போட்டுத் திறந்தார்கள். வெர்னெட்டா முன்னால், க்ளியோ கையில் பேஸ்பால் மட்டையோடு பின்னால். மேலே யாரும் இல்லை. பின்னறை பெருக்கியிருந்தது. மடித்த போர்வை. ஒரு சவரக்கத்தி, ஜன்னல் விளிம்பில் காயப் போட்ட ஒரு ஜோடி சாக்ஸ். விளக்கு தரையில் இருந்தது. திரைச்சீலையில் அவள் விட்ட ஓரத் தையலை யாரோ கையால் போட்டு முடித்திருந்தார்கள்.

"துரத்தணுமா?" என்றான் க்ளியோ.

அவள் அந்தத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு? நாம பொய்யா காட்டினோம். இவன் நிஜமா இருக்கான். நிஜ ஆளுதானே வேணும் நமக்கு."

"அப்ப உனக்குத் தம்பி பொறந்துட்டான்."

"வாயை மூடு."

அன்று முதல் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கேடிஸ் வீட்டுப் பின்படியில் ஒரு தட்டு வைத்தாள். பீன்ஸ், சோள ரொட்டி, சில நாள் பன்றிக்கறி. காலையில் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். ஓரத்தில் நீலக் கோடு போட்ட தட்டு. ஆளை அவள் ஒருநாளும் பார்க்கவில்லை. பார்க்க முயலவும் இல்லை. தெருவில் நாங்கள் எல்லோரும் "வெர்னெட்டாவோட தம்பி" என்றே சொன்னோம். சொல்லும்போது சிரித்தோம்.

நவம்பரில் குளிர் இறங்கியது. ஒரு காலை தட்டு வைத்தபடியே இருந்தது. பீன்ஸ் உறைந்திருந்தது. மறுநாளும் அப்படியே. முந்தைய இரண்டு சாயங்காலமும் விளக்கு எரியவில்லை.

"குளிருக்குத் தேவாலய விடுதிக்குப் போயிருப்பான்," என்றான் க்ளியோ.

"சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

"யார்கிட்ட?"

அவள் தட்டை எடுக்காமல் படியிலேயே விட்டு வேலைக்குப் போனாள்.

அன்று சாயங்காலம், ஆறு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில், இரண்டு தெரு தள்ளி ஒரு காலி வீடு எரிந்தது. தீயணைப்பு வண்டிகள் அங்கே ஓடின. அவை போன திசையை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேடிஸ் வீட்டுப் பின்பக்கம் புகை கிளம்பியது. செங்கல் திருடர்கள் வேலை செய்யும் முறை அது.

ஒரே ஒரு வண்டி வந்தது. தீயணைப்புக் கேப்டன் மெர்ட்ஸ் இறங்கினார். எங்கள் தெருவை அவருக்குத் தெரியும். ஆள் இருந்தால் அவர்கள் உள்ளே போய் அணைப்பார்கள், வீடு பிழைக்கும். காலி வீடு என்றால் வெளியே நின்று தண்ணீர் அடிப்பார்கள். அதனால் எந்த வீடு எரிந்தாலும் உள்ளே ஆள் இருப்பதாக நாங்கள் கத்துவோம். வசந்த காலத்தில் வெர்னெட்டாவே கத்தினாள். உள்ளே போன தீயணைப்புப் பையன் ஒருவனின் இடுப்பு உடைந்தது. அந்த வீட்டில் திரைச்சீலைகள் மட்டும்தான் இருந்தன.

மெர்ட்ஸ் நேராக அவளிடம் வந்தார்.

"மிஸ் வெர்னெட்டா. என்கிட்ட இருக்கறது நாலே பேர். அடுத்த வண்டி வர நேரமாகும். உள்ள ஆள் இருந்தா நாங்க உள்ள போறோம். இல்லைன்னா உங்க சுவரை நனைக்கிறோம். ரெண்டும் முடியாது. இந்தத் தடவை உண்மையைச் சொல்லுங்க."

சந்துக்குள் தீப்பொறி பறந்தது. அவளுடைய சமையலறை ஜன்னல் சட்டம் புகைய ஆரம்பித்தது.

"யாரும் இல்ல," என்றாள்.

"திரைச்சீலை?"

"நான் மாட்டினது."

மெர்ட்ஸ் மேலே பார்த்தார். புகைக்கு நடுவே பின்னறையில் ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது. "விளக்கு?"

க்ளியோ அவள் முகத்தைப் பார்த்தான்.

"அதுவும் நான்தான்."

அவர் தலையசைத்துவிட்டுத் திரும்பினார். குழாய் அவள் சுவர் பக்கம் திரும்பியது. கேடிஸ் வீட்டுக் கூரை உள்ளே விழுந்தது.

"ரெண்டு நாளா எரியலேன்னியே," என்றான் க்ளியோ மெதுவாக.

"நெருப்போட வெளிச்சம் அது."

"ஆமா. அதுவாத்தான் இருக்கும்."

அவள் வீடு நின்றது. ஒரு பக்கச் சுவர் கறுத்தது, கண்ணாடிகள் வெடித்தன, அவ்வளவுதான். கேடிஸ் வீட்டில் நான்கு சுவரும் நடுவில் ஒரு குவியலும் மிச்சம். காலி வீடு என்று எழுதிக்கொண்டு மஞ்சள் நாடா கட்டிவிட்டுப் போனார்கள். வெர்னெட்டா பின்படி இருந்த இடத்துக்கு ஒருமுறை போனாள். படி தெரிந்தது. தட்டு இல்லை. தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று க்ளியோ சொன்னான்.

குவியல் ஆறியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் தேவாலயத்தில் இருக்கும் நேரத்தில் அவர்கள் வந்தார்கள். வெள்ளைப் பிக்கப்பும் ஒரு லாரியும். வெர்னெட்டா அன்று தேவாலயத்துக்குப் போகவில்லை. சமையலறை ஜன்னலில் அட்டை ஒட்டியிருந்தாள். அட்டையின் ஓரமாகப் பார்த்தாள். வடம் கட்டினார்கள். லாரி இழுத்தது. பின்சுவர் முழுசாக உதிர்ந்தது. ஆட்கள் செங்கலை எடுத்து எறிய ஆரம்பித்தார்கள். செங்கல் மேல் செங்கல் விழும் சத்தம் சீராகக் கேட்டது.

பிறகு நின்றது.

அவள் காத்திருந்தாள். பின்கதவு தட்டப்பட்டது.

அந்த ஆள்தான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தான். கையில் ஒரு தட்டு. கரி படிந்து விளிம்பு உடைந்திருந்தது. கட்டைவிரல் துடைத்த இடத்தில் நீலக் கோடு தெரிந்தது.

"இது உங்களோடதா மேடம்?"

அவள் பின்னால் அலமாரியில் மற்ற தட்டுகள் அடுக்கியிருந்தன. அவன் அவற்றைப் பார்த்தான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"படிக்கட்டுக்கு அடில இருக்கார். போர்வை சுத்தியிருக்கு. கீழ வரப் பாத்திருக்கார் போல."

வெர்னெட்டா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு மணிக்குக் கிளம்பிடுவார்னு நீங்கதானே சொன்னீங்க," என்றான். அவன் குரல் ஏறவில்லை. "விளக்கைப் போட்டுட்டுப் போவார்னு சொன்னீங்க. நான் ஆறு அடிக்கற வரைக்கும் பின்சந்துல நின்னு பாத்தேன் மேடம். அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் நின்னேன்."

அவன் குவியலைத் திரும்பிப் பார்த்தான்.

"நாங்க போயிடறோம். ஒரு கல்லு கூட எடுத்துட்டுப் போகல. நீங்க போலீஸைக் கூப்பிடுங்க. என்னைப் பத்தி என்ன சொல்லணுமோ சொல்லுங்க." தட்டை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். அவன் இரண்டு படி இறங்கி நின்றான். அங்கே மற்றவர்களும் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள்.

"பெரியவன் ஒருத்தன் ஜெபம் சொல்லணும்கறான்," என்றான். "உங்க தம்பி பேர் என்ன மேடம்?"