கேன்சல் ஆனவர்களின் சுவர்

ஊரில் ஒருத்தன் படத்தைச் சுவரில் மாட்டினால் செத்துப்போய்விட்டான் என்று அர்த்தம். துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமாவில், எங்கள் சிமெண்ட் கம்பெனி கேம்ப்பில், விசா கேன்சலாகி ஊர் போய்விட்டான் என்று அர்த்தம். மெஸ் ஹாலில் தண்ணீர் கூலருக்கு மேலே ஒன்பது படங்கள் இருந்தன. எல்லாம் எங்கள் கிரிக்கெட் டீமில் ஆடிவிட்டுப் போனவர்கள். ஆடிய எல்லோரையும் மாட்டிவிட முடியுமா? மார்ச்சில் சீசன் முடிந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லோரும் சாப்பிட்ட கையோடு, அந்த வருஷம் போனவர்களில் யாருக்குத் தகுதி என்று விவாதம் நடக்கும். வேலையில் இருப்பவன் பெயரை எடுக்கவே கூடாது. அவன்தான் இன்னும் ஆடலாமே.

விவாதம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சண்டைதான். கேம்ப் வாசலில் மளிகைக்கடை வைத்திருக்கும் கலீலுர் ரஹ்மான் பாய்தான் தலைமை. அவர் வாழ்நாளில் மட்டையைத் தொட்டதில்லை, அதனாலேயே அவரை நம்பினோம். பட்டியல் கொண்டுவருவது ஆபீஸில் டைம்கீப்பராக இருக்கும் உமாபதி. யார் எந்த மாதம் போனான் என்பது எங்களுக்கு எங்கே ஞாபகம் இருக்கிறது? அவன் கேன்சல் ஃபைலைப் பார்த்து டீம் ஆட்களை மட்டும் எழுதி வருவான். தொண்ணூற்றேழில் அதற்கும் சோம்பல் பட்டு, ஃபைல் வைத்திருக்கும் மலையாளி கிளார்க்கிடம் டீம் பட்டியலைக் கொடுத்து, இதில் கேன்சல் யார் யார் என்று எழுதி வாங்கியிருக்கிறான். மடித்த தாளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டான்.

முதல் பெயர் அஸ்கர் அலி. ஒரே ஓவரில் நாலு சிக்ஸர் அடித்தவன்.

"நாலு சிக்ஸரு, சரி. எத்தன பேர ரன்-அவுட் ஆக்குனான்? அதச் சொல்லுங்க மொதல்ல!" என்று மேஜையைத் தட்டினேன். எனக்குக் குரல் பெரிசு. அரைமணி நேரம் கத்தி அவனைத் தள்ளிவைத்தோம். அடுத்தவன் மணிகண்டன். நாற்பத்தோரு விக்கெட். ஆனால் அவன் ஊருக்குப் போகவில்லை, கேன்சல் வாங்கிக்கொண்டு பக்கத்து செராமிக் கம்பெனிக்குத் தாவிவிட்டான். இப்போது எங்களுக்கு எதிராகவே பந்து போடுகிறான். அவனுக்கு எதற்குப் படம்? அதுவும் காலி.

உமாபதி குனிந்த தலை நிமிராமல் அடுத்ததைப் படித்தான். "மூணாவது, மாயாண்டி, பேக்கிங் பிளாண்ட்."

மாயாண்டி நான்தான்.

"அண்ணன் இங்கதான குந்தியிருக்காரு, அதுக்குள்ள படமா?" என்று எவனோ சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. அந்தத் தாள் எங்கிருந்து வருகிறது என்று ஹாலில் எல்லோருக்கும் தெரியும்.

"தப்பா எழுதியிருக்கான்ணே," என்றான் உமாபதி. "வேற மாயாண்டியா இருக்கும்."

கேம்ப்பில் வேறு மாயாண்டி கிடையாது. மகள் விஜி மதுரையில் நர்சிங் இரண்டாம் வருஷம். அவள் படிப்பை முடிக்கும் வரைக்கும் நான் இங்கே இருந்தாக வேண்டும். நாற்பத்தாறு வயதில் எவன் எனக்குப் புது விசா தருவான்?

அப்போது எனக்கு ஒரு கிறுக்குப் புத்தி வந்தது. இவர்கள் வழக்கம்போல என்னைக் கிழித்தால் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம், கிளார்க் ஏதோ தூக்கத்தில் எழுதிவிட்டான். அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"பேரு வந்துருச்சுல்ல, பேசுங்கப்பா," என்றேன். "பத்து வருஷத்துல நான் அம்பது அடிச்சது ஒரே ஒரு தடவ. ஓடச் சொன்னா நடப்பேன். என்னயப் போயி சுவத்துல மாட்டுவீகளா?"

"அப்புடிச் சொல்லப்படாது மாயாண்டி," என்றார் பாய். "நீங்க நின்னாலே டீமுக்கு ஒரு தைரியம்ல."

போன மாதம்தான் இதே மனுஷன் என்னைக் கடை வாசலில் நிறுத்தி, வயசாகிவிட்டது, அம்பயராகப் போய் நில்லுங்கள் என்றார். இன்னொருத்தன் நான் எப்போதோ அடித்த பதினெட்டு ரன்னை முப்பது என்றான். யாரும் திருத்தவில்லை. ஒரு வைடு பாலுக்கு ஒரு வாரம் பேசாமல் இருக்கும் கூட்டம் இது. அவர்கள் புகழப் புகழ எனக்குப் பயம் ஏறியது.

மிச்சம் இருந்தது நிஜாம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற கீழக்கரைக்காரன், எங்கள் ஃபாஸ்ட் பவுலர். போன வருஷம் ஃபைனலில் அவன் பந்தில் கைக்கு வந்த கேட்ச்சை நான் விட்டேன், கோப்பை போனது. அன்றிலிருந்து என்னோடு பேச்சே இல்லை. மெஸ்ஸில் சாம்பார் வாளியைக்கூட என் பக்கம் தள்ளமாட்டான்.

"நீ சொல்லு நிஜாம்," என்றேன். "ஒம் பந்துல நான் என்ன பண்ணேன்னு எல்லாருக்கும் சொல்லு." கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். திட்டுடா, அந்த ஒரு கேட்ச்சுக்காகவாவது என்னை நாறடிடா என்று மனசு அடித்துக்கொண்டது.

நிஜாம் எழுந்தான். உமாபதி கையில் இருந்த தாளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அண்ணன் கையப் பத்தி எந்தப் பயலும் பேசப்படாது," என்றான். "பந்து வந்தா ஒட்டிக்கிரும். எம் பந்துல ஒரு கேட்ச் விட்டதில்ல."

அவ்வளவுதான். எனக்குத் தெரிந்துவிட்டது.

"கேன்சல் லெட்டர் என்னைக்குடா?" என்று உமாபதியிடம் கேட்டேன்.

அவன் தாளைத் திருப்பிப் பார்த்தான். "தேதி போட்டிருக்குண்ணே. நாளைக்கு." அவன் தாளை மடித்தான். "சத்தியமா எனக்கும் இப்பத்தாண்ணே தெரியும்."

படம் மாட்டலாம் என்பவர்களைப் பாய் கை தூக்கச் சொன்னார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. விஜியிடம் என்ன சொல்வது, யார் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நிஜாம் மட்டும் இன்னும் உட்காரவில்லை. நான் விட்ட கேட்ச்சையெல்லாம் பேச்சிலேயே ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.