ஐம்பதுக்கு ஏழு குறைவு

வெர்லீனின் வலது மணிக்கட்டு விடிந்ததிலிருந்தே விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. பதினாறு வருடமாகக் கெளுத்தி மீனைச் சீவிய கை அது. மடக்கிய விரல் விரிய மறுக்கும். இடது கையால் அதைப் பிடித்து அமுக்கியபடி மாவட்ட அலுவலகத்தில் நின்றிருந்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் பெண் தாள்களைத் திரும்பத் தள்ளினாள்.

"எழுபத்தோரு கையெழுத்து இருக்கு மேடம். அதுல நாலாம் தொகுதிக்காரங்க நாப்பத்திமூணு பேருதான். அம்பது இருந்தாத்தான் மாவட்ட வாரியத் தேர்தல்ல உங்க பேரு ஓட்டுச் சீட்டுல வரும். இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் வாங்குவோம்."

அப்போது மணி ஒன்று இருபது.

தப்பு வெர்லீனுடையதுதான். ஞாயிற்றுக்கிழமை சபையில் காணிக்கைத் தட்டு போன கையோடு இந்தத் தாளையும் வரிசையில் விட்டிருந்தாள். அந்தச் சபையில் வளர்ந்த எவருக்கும், மடிக்கு வந்ததில் ஒன்றும் போடாமல் பக்கத்து ஆளுக்குத் தள்ளக் கை வராது. ரயில் பாதைக்கு அப்பால் வேறு தொகுதியில் குடியிருப்பவர்கள் போட்டார்கள். மெம்பிஸ் நகரத்திலிருந்து விருந்துக்கு வந்தவர்கள் போட்டார்கள். போதகரின் மாமியாருக்கு ஓட்டே வேறு மாநிலத்தில். அவளும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள். எழுபத்தொன்று என்று எண்ணிய மகிழ்ச்சியில் முகவரியைப் பார்க்க இவளுக்குத் தோன்றவில்லை.

இரண்டு மணிக்கு ஷிப்ட் வேறு. ஏற்கெனவே இரண்டு முறை வராமல் போனதற்குக் கறுப்புப் புள்ளி வைத்திருந்தார்கள். மூன்றாவது விழுந்தால் வேலை போய்விடும். விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தாள். ஆனால் மழை பெய்தால் அவள் தெருச் சாக்கடை வீட்டுக்குள் வருகிறது. இருபது வருடமாக வாரியத்தில் உட்கார்ந்திருப்பவர் தன் வீட்டு வாசல் வரைக்கும் தார் போட்டுக்கொண்டார், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இந்தத் தேர்தல் போனால் இன்னும் நாலு வருடம் அந்தத் தண்ணீரை வாளியில் இறைக்க வேண்டும்.

காரில் உட்கார்ந்து ரோசால்பாவை அழைத்தாள். மீன் ஆலையில் காலை ஷிப்டில் ஆறாம் மேசையில் நிற்பவள் ரோசால்பா. அவள் இறங்கினால் அதே மேசையில் வெர்லீன் ஏறுவாள்.

"ஏழு பேருதான் குறையுது ரோசால்பா. இடத்தைக் காலியா விட்டா வேலை போயிரும்."

"காலியா எதுக்கு விடணும்? நான் நிக்கறேன்."

"காலையில ஆறு மணிக்கு ஏறினவடி நீ!"

"ஆமா, கால் வீங்கிப் போச்சு. இன்னும் கொஞ்சம் வீங்கட்டும். ஓட்டில்லாத எனக்கு இந்த ஊர்ல பேனா பிடிக்கத்தான் உரிமை இல்ல. கத்தி பிடிக்க இருக்கே! அந்தச் சாக்கடை உன் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி என் வீட்டுக்குத்தான் வருது. போ, போய் வேலையைப் பாரு."

வெள்ளிக்கிழமை மத்தியானம் நாலாம் தொகுதிப் பெண்கள் எங்கே இருப்பார்கள் என்று வெர்லீனுக்குத் தெரியும். மிஸ் யூலாவின் முடி அலங்காரக் கடையில் நாற்காலி ஒன்றுகூடக் காலியில்லை. பாதி பின்னிய தலையோடும் முடி உலர்த்தியின் கீழும் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து ஓடவும் முடியாது.

விஷயத்தைக் கேட்ட மிஸ் யூலா சீப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கையெழுத்தைக் காணிக்கையாட்டம் வாங்கினியா? உன்னைய வச்சு என்ன பண்றது பிள்ள! ஏய், எல்லாரும் கேளுங்க. வாக்காளர் அட்டையை எடுத்துக் காட்டுங்க. நாலாம் தொகுதின்னு இருந்தா மட்டும் பேனாவைத் தொடுங்க. அட்டை இல்லாதவங்க சும்மா முடியைக் காய வைங்க."

நாலு பேர் உடனே போட்டார்கள். ஐந்தாமவள் அட்டை தேடிக் கைப்பையைக் கவிழ்த்ததில் அரை மணி போயிற்று. ஆறாமவளுக்காக வெர்லீன் அவள் வீடு வரைக்கும் காரோட்டிப் போய் அட்டையோடு திரும்பினாள். ஏழாமவள் வரும்போது மணி நாலு.

"எட்டாவதா ஒண்ணு வாங்கிக்கோ," என்றாள் மிஸ் யூலா. "கணக்கா வாங்கின துணி என்னிக்குமே பத்தாது."

மிச்சமிருந்தது க்ளோட்டில்டா ஒருத்திதான். வாரியத்தின் இப்போதைய உறுப்பினரின் காரை ஓட்டுபவன் அவளுடைய தம்பி. உலர்த்தியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு வெர்லீனை மேலும் கீழும் பார்த்தாள்.

"மீன் வெட்டுறவ நீ. வாரியத்துல போயி என்னத்த வெட்டப் போற?"

"வாய்க்கால் வெட்டணும் க்ளோட்டில்டாக்கா. உங்க தெருவுக்கும் சேத்துத்தான்."

கடை முழுக்கச் சிரித்தது. க்ளோட்டில்டா சிரிக்கவில்லை.

"போன மாசம் என் கட்டில் கால் வரைக்கும் தண்ணி. தம்பிகிட்ட சொன்னேன், ஐயாகிட்ட சொல்றேன்னான், சொல்லிக்கிட்டே இருக்கான்." பேனாவை வாங்கினாள். "கையெழுத்துதான் போடுறேன். ஓட்டு உனக்குன்னு சொல்லல, கேட்டியா?"

"கையெழுத்தே போதுங்க்கா."

நாலு நாற்பத்தாறுக்கு எழுத்தர் பெண் ஒவ்வொரு பெயராகக் கணினியில் தட்டிப் பார்த்தாள். ஒருத்தி கோடையில் வீடு மாறியிருந்தாள், அட்டை பழையது. அவள் பெயர் அடிபட்டது. கடைசிப் பெயரையும் தட்டிவிட்டு அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

"அம்பது. சரியா அம்பது."

ஐம்பதாவது பெயர் க்ளோட்டில்டாவுடையது.

ஆலையில் ஆறு மணிக்கு இடைவேளை விடுவார்கள். அந்த நேரத்துக்கு வெர்லீன் வழியில் வாங்கிய ஒரு டஜன் சூடான தமாலேயோடு, ரோசால்பா நாட்டு இறைச்சிக் கொழுக்கட்டையோடு, கார் நிறுத்துமிடத்தில் நின்றாள். ரோசால்பா ரப்பர் பூட்ஸோடு வந்து காருக்குள் சரிந்தாள். கணுக்கால் பூட்ஸின் விளிம்பைத் தாண்டிப் பிதுங்கியிருந்தது.

"கிடைச்சுதா?"

"கிடைச்சிருச்சு."

ரோசால்பா கண்ணை மூடி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு தமாலேயின் உறையைப் பிரித்து ஒரு வாய் கடித்தாள்.

"இதுக்கு தமாலேன்னு பேரு வச்சது யாருடி? எங்கம்மா பாத்திருந்தா அழுதிருப்பா." சொல்லிக்கொண்டே நாலு தின்றாள்.

வெர்லீன் அழுதாள். "உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. மிச்ச நேரம் நான் நிக்கறேன், நீ வீட்டுக்குப் போ."

"பேரை மாத்தி எழுதியாச்சு, மேற்பார்வைக்காரன் விட மாட்டான். நன்றியெல்லாம் அந்தச் சலூன்காரிங்களுக்குச் சொல்லு. எனக்கு ஷிப்ட்டத் திருப்பிக் குடு. ஏப்ரல்ல என் மகளுக்குப் பிரசவம். அன்னிக்கு எனக்காக நீ வந்து நிக்கணும்."

"நிக்கறேன்."

மணி அடித்தது. ரோசால்பா நொண்டிக்கொண்டே உள்ளே போனாள், இன்னும் நாலு மணி நேரம் நிற்க.

சலூனுக்கு மறுநாளே கேக் கொண்டுபோய் நன்றி சொல்லிவிட்டாள் வெர்லீன். க்ளோட்டில்டாவுக்குத் தனியாக ஒரு துண்டு. சபையிலும் எழுந்து நின்று, கையெழுத்து செல்லாமல் போன இருபத்தெட்டுப் பேருக்கும் சேர்த்தே நன்றி சொன்னாள். ரோசால்பாவுக்காக மட்டும் வெர்லீன் எட்டு மணி நேரம், ஆறாம் மேசையில், இன்னும் நிற்க வேண்டியிருக்கிறது.