தேரி தாண்டிப் போனவ

கோயில் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டுத்தான் நான் அந்த நடைப்பயணத்துக்கே போனேன். திறக்கதுக்கு இல்ல, பூட்டியே வைக்கதுக்கு. கோதான்னு ஒரு காலேஜ் டீச்சர், ஞாயித்துக்கிழமையானா பத்துப் பேரைக் கூட்டிக்கிட்டுத் தேரிமேல, அந்தச் செம்மணல் மேட்டுமேல, நடக்கா. முந்நூறு வருசத்துக்கு முன்ன டச்சுக்காரன் அடிமையா வாங்கின சனங்க தூத்துக்குடிக் கப்பலுக்குப் போன வழியாம் அது. நடை முடியுற இடம் எங்க குடும்பத்து இசக்கியம்மன் கோயில். உள்ள உக்காந்து அந்தக் கதையச் சொல்ல அனுமதி கேட்டிருந்தா.

எங்க அண்ணன் பால்துரைக்கு ஏரல்ல பலசரக்குக் கடை. அடுத்த மாசம் மகளுக்குக் கல்யாணம். அடிமை கிடிமைன்னு நம்ம கோயில் பேரு அடிபட்டா மாப்பிள்ளை வீட்டுல என்ன நினைப்பாவ, நீயே போயி அவ வாயை அடைச்சுட்டு வான்னு என்னை அனுப்பிவிட்டான். எனக்கும் எரிச்சல்தான். எங்க சாமியப் பத்தி எங்களுக்கே பாடம் நடத்த இவ யாரு?

தேரி ஏறுறது லேசுப்பட்ட காரியம் இல்ல. செம்மணல் காலைப் பின்னாலயே இழுக்கும். வெயில் ஏற முன்னயே சுட ஆரம்பிச்சுட்டு. கோதா ஆளுக்கொரு இலைக்கொப்பு ஒடிச்சுக் குடுத்தா. கால் பொறுக்கலன்னா கொப்பைக் கீழ போட்டு மேல ஏறி நிக்கணும், எடுத்துக்கிட்டு மறுபடியும் நடக்கணும். பஞ்சத்துல அடிமையாகி இந்த வழி வந்தவங்களும் இப்படித்தான் நடந்திருக்கணும், ஆனா உறுதியாத் தெரியாதுன்னா. தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னது எனக்குப் பிடிச்சிருந்தது.

உச்சிக்குப் போனதும், அம்மாடி, என் வாய் அடைச்சுப்போச்சு. கண்ணுக்கு எட்டுற மட்டும் சிவப்பு மணல், அதுக்கு அங்கன கடல். மணல்ல ஒரு தடம் கிடையாது. காத்து எல்லாத்தையும் அழிச்சுக்கிட்டே இருக்கு. மழை பொய்ச்ச வருசங்கள்ல சனங்க கஞ்சிக்காகத் தன்னையே வித்தாங்க, பெத்த பிள்ளைய வித்தாங்க, இலங்கைக்கும் ஜாவாவுக்கும் கொண்டுபோயிட்டாங்கன்னு கோதா மெதுவாச் சொன்னா. இந்த மண்ணுலயா நான் விளையாடித் திரிஞ்சேன்னு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. ஆனாலும் சாவிய விடல.

கோயில் வாசல்ல, கூட வந்த ஒரு பொண்ணு கம்பிக்கதவு வழியாப் பார்த்துட்டுக் கேட்டா, அம்மன் ஏன் ஊருக்கு முதுகைக் காட்டிக்கிட்டுக் கடலைப் பார்த்து இருக்குன்னு. எனக்கா தெரியாது? எங்க வீட்டுப் பொண்ணைக் கட்டிக்குடுக்கும்போது இங்கன சோறு வடிச்சு இலை போட்டு, பொம்பளைங்க எல்லாரும் கடலைப் பார்த்து அம்மனைக் கூப்பிடுவோம்னு பெருமையாச் சொன்னேன். எப்படிக் கூப்பிடுவீங்கன்னா.

"ஏளா, சோறு ஆறுது, வந்துருளா."

சொன்னவ அப்படியே நின்னுட்டேன். அம்மனை எவளாவது ஏளான்னு கூப்பிடுவாளா? தாயேன்னுதான வாயில வரும், ஏளாங்கது வயசுல சின்னவளைக் கூப்பிடுத வார்த்தை. என் கல்யாணத்துல தொண்டை கிழியக் கூப்பிட்டிருக்கேன், ஒருநாளும் இது தோணலயே. இது வெளிய போன பிள்ளைய வீட்டுக்குக் கூப்பிடுத கூப்பாடு. கோதா என்னையே பார்த்துக்கிட்டு நின்னா. இதை ஆதாரம்னு சொல்ல முடியாதுக்கான்னா. எனக்கு எதுக்கு ஆதாரம்? அழுகை முட்டிச்சு.

அங்கனயே அண்ணனுக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொன்னேன். அதெல்லாம் கிடக்கட்டும், பூட்டிட்டியான்னு கேட்டான்.

"திறக்கப் போறேன். போனவ நம்ம வீட்டுப் பிள்ளைண்ணே. அவளை வெளிய நிறுத்திட்டா உன் மகளுக்குக் கல்யாணம் பண்ணுவ?"

போனைக் காதுல வச்சபடியே பூட்டைத் திறந்து எல்லாரையும் உள்ள போகச் சொன்னேன். அப்பத்தான் அண்ணன் குரல் கேட்டுச்சு.

"ஏளா, நாளைக்குக் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகுது. நம்ம வீட்டு ஆளுங்க வரிசையில அவ பேரை என்னன்னு போட?"